பட்டை பன்னும் கேழ்வரகு அடையும்

போன ஞாயிற்றுக்கிழமை 16 பன் சுட்டேன். வீட்டுக்கு இரண்டு, தெருவுக்குப் பதினான்கு. கொடுத்து முடித்துவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தபோது சென்னையிலிருந்து பழைய ஆபீஸ் நண்பர் போன் செய்தார். பேச்சுவாக்கில் பன் சமாசாரத்தைச் சொன்னேன். "ரிட்டயர் ஆனப்புறம் நல்ல புண்ணியம் சேத்துக்கிறீங்க சார். நாலு பேருக்குக் கொடுத்துச் சாப்பிடற மனசு எல்லாருக்கும் வராது" என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு என்னவோ சுருக்கென்றது.

வீட்டில் செய்ததை நாலு பேருக்குக் கொடுப்பது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. கொடுப்பவனுக்கு அதில் சுகம் மட்டும்தான். நாலு பேர் வீட்டில் செய்ததை நாம் வாங்கிச் சாப்பிடுவதுதான் கஷ்டம். அதைச் செய்யாதவன் பகிர்ந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு அறுபத்துநாலு வயது வரை ஆயிற்று. அதுவும் ஒரு மாட்டின் தயவால்.

முதலில் பன் கதை. 2019 செப்டம்பரில் மகளின் பிரசவத்துக்காக ஸ்வீடன் போயிருந்தோம், கோத்தன்பர்க் நகரத்துக்கு. அக்டோபர் 4-ம் தேதி காலையில் மாப்பிள்ளை ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே பட்டைப் பொடி தூவிச் சுருட்டிய பன். அன்றைக்கு அந்த ஊரில் பட்டை பன் தினமாம். நம் ஊர் பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை மாதிரி கடை, ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லா இடத்திலும் அதுதான். ஆனால் சாமி, புராணம் எதுவும் இல்லை. வீட்டில் ரொட்டி சுடும் வழக்கத்தை வளர்ப்பதற்கென்று அங்கே இருந்த ஓர் அமைப்பு 1999-ல் ஆரம்பித்து வைத்த நாள் அது. இருபது வருஷத்தில் நாடு முழுக்கப் பண்டிகையாகிவிட்டது. அவர்கள் மாவிலேயே ஏலக்காயும் போடுகிறார்கள். வாயில் வைத்ததும் பாதி பாயசம், பாதி பிரியாணி என்று தோன்றியது. மூன்றாவது பன் சாப்பிடும்போது பழகிவிட்டது.

குழந்தை பிறந்து ஒரு வாரத்தில் மேல் மாடியிலிருந்து ஒரு வயதான அம்மாள், தன் கையால் சுட்ட பன்னை ஒரு தட்டில் வைத்து மூடி எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுக்காரி விடுவாளா? வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் ஏது? மறுநாள் அந்தத் தட்டு நிறைய ரவா லாடு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த அம்மாள் தட்டைப் பார்த்து முழித்தாராம். இவ்வளவு பெரிய பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. அப்புறம் நாங்கள் ஊர் திரும்புகிற வரைக்கும் அந்தத் தட்டு மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தது.

திரும்பி வந்து சில மாதங்களில் கொரோனா. கூரத்தில் பூர்வீக வீட்டில் நானும் அவளும் மட்டும். மகளிடம் வாட்ஸப்பில் அளவு கேட்டு வாங்கிக்கொண்டு, பரணில் தூங்கிக்கொண்டிருந்த சின்ன மின்சார ஓவனை இறக்கினேன். காஞ்சிபுரம் போகிற ஒருவரிடம் ஈஸ்ட் பாக்கெட்டும் வெண்ணெயும் சொல்லிவிட்டேன்.

அளவு கேட்கிறவர்களுக்காக: மைதா அரைக்கிலோ, ஈஸ்ட் 7 கிராம், வெதுவெதுப்பான பால் கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே, சர்க்கரை 75 கிராம், வெண்ணெய் 75 கிராம், உப்பு அரை ஸ்பூன், தட்டிய ஏலக்காய் ஒரு ஸ்பூன். பிசைவதுதான் வேலை. சப்பாத்தி மாவு மாதிரி இரண்டு புரட்டுப் புரட்டிவிட்டு விடக் கூடாது. பத்து நிமிஷம் இழுத்து இழுத்துப் பிசைய வேண்டும். முதலில் கையெல்லாம் ஒட்டும். "இன்னும் கொஞ்சம் மாவு போடலாமே" என்று கை துறுதுறுக்கும். போடாதீர்கள். போட்டால் பன் கல்லாகிவிடும். ஸ்வீடனில் மாவு உப்புவதற்கு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள். கூரத்தில் சித்திரை வெயிலில் முக்கால் மணி நேரத்தில் பாத்திரத்தைத் தள்ளிக்கொண்டு எழுந்து நிற்கிறது. பிறகு அதை நீளமாகத் தேய்த்து, வெண்ணெய் தடவி, சர்க்கரையும் பட்டைப் பொடியும் தூவி, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி, 16 துண்டாக நறுக்கி, இன்னும் அரை மணி நேரம் விட்டு, 200 டிகிரியில் 12 நிமிஷம். அவர்கள் மேலே தூவுகிற முத்துச் சர்க்கரை இங்கே கிடைக்காது. டைமண்ட் கல்கண்டை ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டேன். அதைவிட நன்றாகவே இருந்தது என்பது என் கட்சி.

பட்டை விஷயத்தில் ஒரு வார்த்தை. மளிகைக் கடையில் 'பட்டை' என்று கேட்டால் தடித்த, கரடுமுரடான மரப்பட்டையைக் கொடுக்கிறார்கள். அது பெரும்பாலும் சீனாவிலிருந்தோ வியட்நாமிலிருந்தோ வருகிற வேறு மரத்துப் பட்டை. குருமாவுக்குச் சரி, பன்னுக்குக் காரம். இலங்கைத் தமிழர்கள் 'கறுவா' என்று சொல்கிற அசல் சரக்கு காகிதம் மாதிரி மெல்லியதாக, சுருட்டுக்குள் சுருட்டாக இருக்கும். கையால் நொறுக்கினாலே பொடியாகும். அது கிடைக்காத நாளில் கடைப் பட்டையைப் பாதி அளவு போட்டு ஏலக்காயைக் கூட்டிக்கொள்வேன்.

முதல் நாள் வாசனை தெருமுனை வரை போய்விட்டது. எங்கள் வீட்டில் என் பாட்டி காலத்தில் பட்டை, கிராம்பு உள்ளே வந்ததே கிடையாது. மசாலா வாசனை என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து அந்த வாசனை வந்ததும், பால்காரர் வாசலில் நின்று கொஞ்சம் தயங்கி, "என்ன சாமி, இன்னிக்குக் குருமாவா?" என்று கேட்டார்.

இரண்டு கிழங்கள் இருக்கிற வீட்டில் 16 பன்னை என்ன செய்வது? குறைத்துச் செய்யலாம் என்றால் அத்தனை மெனக்கெட்டு நாலு பன் சுட யாருக்கும் மனசு வராது. மறுநாள் வைத்துத் தின்னலாம் என்றால் ராத்திரிக்குள் வறண்டு போகிறது. ஆகவே அது சுட்ட அன்றைக்கே, சூட்டோடு, வெளியே போயாக வேண்டும். சில பண்டங்களின் அளவே அப்படித்தான். எங்கள் ஊர்ப்பக்கம் இதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி. அரிசி, உளுந்தோடு மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் சேர்த்து, மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மாவை ஊற்றி மணிக்கணக்காக ஆவியில் வேக வைப்பார்கள். ஒரு இட்லி முழங்கை நீளம் வரும். அதை ஒருத்தர் தின்ன முடியாது. வில்லை வில்லையாக நறுக்கிக் கொடுக்கத்தான் முடியும். 'எனக்கு மட்டும் ஒரு குடலை இட்லி' என்று ஒன்று கிடையாது.

அதனால் பன்னைத் தெருவுக்குக் கொடுத்தேன். அதில் நான் ஒன்றும் கர்ணன் இல்லை, மீந்து போனதைக் கொடுத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அது கொரோனா காலம். பால் பாக்கெட்டைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் ஜன்னலைச் சாத்தினோம். அந்தக் காலத்தில், என் கையால் பிசைந்து, நான் சுட்டு, நான் எடுத்துக்கொண்டு போய் நீட்டியதை ஒரு வீடு பாக்கியில்லாமல் வாங்கிச் சாப்பிட்டார்கள். அதில் என்ன தைரியம் இருந்தது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. எல்லோரும் என் பன்னைப் புகழ்கிறார்கள் என்ற சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தேன்.

எங்கள் தெரு திரும்புகிற இடத்தில் ஒரு தறி வீடு இருக்கிறது. காஞ்சிபுரத்து முதலாளி ஒருவருக்குப் பட்டுப் புடவை நெய்து கொடுக்கிற குடும்பம். தாத்தா இல்லை. வீட்டுப் பெரியவர் ஆயாதான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மகன், மருமகள், எட்டு வயதுப் பேரன். கோர்வைப் புடவை நெய்யும்போது ஒரு ஓரத்துக் கரைக்குத் தனி நாடா தள்ள இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். மருமகளுக்கு முடியாதபோது ஆயா உட்காருவார். அந்த வீட்டுக்கு நாலு பன் கொடுத்தேன், எவர்சில்வர் தட்டில்.

நாலாம் நாள் சாயங்காலம் அந்தத் தட்டு திரும்பி வந்தது. மேலே வாழையிலைத் துண்டு மூடி, உள்ளே சுடச்சுட இரண்டு கேழ்வரகு அடை. முருங்கைக்கீரை, வெங்காயம் போட்டது. ஆயாவே கொண்டுவந்தார். "உங்க மாதிரி நமக்குப் பன்னெல்லாம் வராது சாமி. இதுதான் வரும்" என்றார். நான் பெரிதாகச் சிரித்து வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதைச் சாப்பிடவில்லை.

காரணம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: புரட்டாசி மாசம், வெங்காயம் போட்டிருக்கிறது. அது பொய்க்காரணம் என்று எனக்கே தெரியும். முந்தின நாள்தான் எங்கள் வீட்டில் வெங்காய சாம்பார். உண்மையில் மனசில் ஓடியது வேறு. இதே தோசைக்கல்லில் முட்டை போட்டிருப்பார்களோ? மீன் வறுத்திருப்பார்களோ? முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்த காலத்தில் எத்தனை ஊர் மாற்றல், எத்தனை ஓட்டல், எத்தனை பேர் டிபன் டப்பா. எந்த ஓட்டல்காரனிடமும் போய் 'உன் கல்லைக் காட்டு' என்று நான் கேட்டதில்லை. ஜாதியெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை நான் என்றுதான் என்னைப் பற்றி எனக்கு அபிப்பிராயம். ஆனால் அந்த வீட்டில், பாட்டி உட்கார்ந்த அதே கூடத்தில் அந்தத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது கை எழவில்லை.

இருட்டினதும் எடுத்துக்கொண்டு போய், பால்காரர் கட்டியிருந்த பசுவுக்குப் போட்டேன். பசுவுக்குப் போட்டால் பாவம் இல்லை என்று நமக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்களே. மாடு இரண்டாவது அடையைத் தின்றுகொண்டிருந்தபோது பின்னால் சைக்கிள் சத்தம் கேட்டது. தறி வீட்டுப் பையன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "தாத்தா, அது எங்க ஆயா சுட்டது" என்றான். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. எனக்கு மறந்து போயிருக்குமோ என்று ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னான்.

சண்டை எதுவும் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த முறை பன் கொண்டுபோனபோது ஆயா வாசலிலேயே, "சக்கரை இருக்குதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு சாமி, வேணாம்" என்றார். மருமகளுக்கும் வேண்டாம். பையன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தான். அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் தறிச் சத்தம் மட்டும் கேட்கும். எதிரே பார்த்தால் "நல்லாருக்கீங்களா சாமி" என்று வழக்கம்போல் விசாரிப்பார்கள். மரியாதையில் ஒரு குறைவும் இல்லை. இப்படி ஒரு வருஷம் போயிற்று.

அந்த ஒரு வருஷத்தில் பாட்டியைப் பற்றி நிறைய யோசித்தேன். என் பாட்டி மாதிரிக் கொடுக்கிற கை இந்தத் தெருவில் கிடையாது என்று இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். விசேஷ நாளில் சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் கொல்லைப்பக்கம் வழியாக எத்தனையோ வீட்டுக்குப் போகும். லீவுக்கு வரும் நான்தான் தூக்கு வாளி பிடிப்பவன். எல்லாம் வாழையிலையில், தையல் இலையில்தான் போகும். பாத்திரத்தில் போகாது. சின்ன வயசில் அது எனக்குச் சாதாரணமாகத்தான் பட்டது. இப்போதுதான் அதன் சூட்சுமம் புரிகிறது. இலையில் கொடுத்தால் பாத்திரம் திரும்பி வர வேண்டியதில்லை. திரும்பி வராத பாத்திரத்தில் யாரும் எதையும் வைத்து அனுப்ப முடியாது. அவர்கள் வீட்டுப் பூசணிக்காய் வரும், பாட்டி வாங்கிக்கொள்வாள். பால் வரும், கீரை வரும், வெல்லம் வரும். பச்சையாக எது வந்தாலும் சரி. சமைத்தது மட்டும் வராது. வரக்கூடாது என்று யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை. சொல்லவே வேண்டாதபடி எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1920-களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்ற விஷயம் தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிப் போட்டது. பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த பட்டியலினப் பெண்மணி சமைக்கக் கூடாது என்று பெற்றோர்கள் சிலர் தகராறு செய்ததைப் பேப்பரில் படித்தோம். அதைப் படித்துவிட்டு 'சே, என்ன ஜனங்கள்' என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அதே ஆசாமிதான் இரண்டு வருஷம் கழித்து இருட்டில் மாட்டைத் தேடிப் போனேன்.

இன்னொரு விதமாகவும் மனிதர்கள் சாப்பாட்டுக்கு வேலி போடுகிறார்கள். 2022-ல் இணையத்தில் ஸ்வீடன்காரர்களைப் போட்டுக் கிழித்தார்கள். விளையாட வந்த பக்கத்து வீட்டுக் குழந்தையை ஓர் அறையில் உட்கார வைத்துவிட்டு, தங்கள் குழந்தைகளுக்கு மட்டும் ராத்திரிச் சாப்பாடு போடுவார்களாம். அவர்கள் தரப்பில் சிலர் சொன்ன காரணம்: அடுத்த வீட்டுக்காரருக்கு ஏன் ஒரு கடனை ஏற்றி வைக்க வேண்டும்? அவர்கள் வீட்டிலும் அந்தக் குழந்தைக்குச் சமைத்து வைத்திருப்பார்களே? நம் ஜனங்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே ஜாதி இல்லை, தீட்டு இல்லை. ஆனால் கடன் படக்கூடாது, கடன் ஏற்றவும் கூடாது என்கிற அந்தப் பயம் எனக்குத் தெரிந்த பயம்தான். வாங்கிச் சாப்பிட்டால் நாம் ஒருவருக்குச் சமமாகிவிடுகிறோம். சில சமயம் கொஞ்சம் கீழேயும் போகிறோம். கொடுக்கும்போது அந்தத் தொந்தரவு இல்லை. கொடுப்பவன் எப்போதும் அரைப்படி மேலேதான் நிற்கிறான்.

இந்த அரைப்படியைப் பற்றி எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. கூரம் என்றால் சரித்திரம் படித்தவர்களுக்குப் பரமேசுவரவர்ம பல்லவனின் செப்பேடு. மற்ற எல்லோருக்கும் கூரத்தாழ்வான், ராமானுஜரின் பிரதான சீடர். 1010-ல் இங்கே பிறந்தவர் என்பது சம்பிரதாயக் கணக்கு. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அவருக்குச் சன்னிதி உண்டு. பெரிய செல்வந்தர். விடிந்ததிலிருந்து ராத்திரி வரை அவர் வீட்டில் அன்னதானம் நடக்கும். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு வாசல் கதவைச் சாத்துகிற சத்தம் காஞ்சிபுரத்தில் வரதராஜர் சன்னிதி வரை கேட்டது, 'என்ன சத்தம் அது' என்று தாயார் விசாரித்தார் என்பது கதை. நம் ஆளாக இருந்தால் அதைக் கல்லில் வெட்டி வாசலில் பதித்திருப்போம். ஆழ்வான் கூசிப்போனார். என் கொடையின் சத்தம் அங்கே வரை கேட்டதா என்று வெட்கப்பட்டு, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மனைவி ஆண்டாளோடு ஸ்ரீரங்கத்துக்கு நடந்துவிட்டார். வழியில் காடு. ஆண்டாள் பயந்தாராம். மடியில் கனம் ஏதாவது இருக்கிறதா என்று இவர் கேட்க, நீங்கள் அமுது செய்வதற்காக ஒரு பொன் வட்டில் மட்டும் எடுத்து வந்தேன் என்றாராம். அதை வாங்கித் தூக்கி எறிந்துவிட்டு நடந்தார்.

இது வரைக்கும் எல்லா உபன்யாசத்திலும் விஸ்தாரமாகச் சொல்வார்கள். அதற்கு அப்புறம் வருவதை அவசரமாகத் தாண்டிவிடுவார்கள் என்பது என் மனக்குறை. ஸ்ரீரங்கத்தில் அவர் என்ன செய்தார்? தினமும் நாலு வீட்டு வாசலில் நின்று உஞ்சவிருத்தி எடுத்துச் சாப்பிட்டார். ஊருக்கே சோறு போட்டவர், அடுத்தவர் வாசலில் கையேந்தினார். ஒரு நாள் விடாமழை. வெளியே போக முடியவில்லை. இரண்டு பேரும் பட்டினி. ராத்திரி கோயில் மணிச் சத்தம் கேட்டு ஆண்டாள் மனசுக்குள் ஏதோ நினைக்க, ரங்கநாதரே பிரசாதம் அனுப்பி வைத்தார் என்பார்கள். நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனால் இந்த மனிதர் அன்னதானத்தோடு நிறுத்தியிருந்தால் ஒரு பெரிய பணக்காரராக மட்டும் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

மழை என்றதும் அந்த 2021 நவம்பருக்கு வருகிறேன். பாலாற்றில் அத்தனை தண்ணீரை என் ஆயுசில் நான் பார்த்ததில்லை. வீட்டுக்காரி அவள் தங்கையைப் பார்க்க ஸ்ரீரங்கம் போயிருந்தாள், அங்கேயே மாட்டிக்கொண்டாள். எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. முதல் நாளே கேஸ் தீர்ந்தது. சிலிண்டர் வண்டி வர வழியில்லை. முதல் நாள் வாழைப்பழமும் அவலும். இரண்டாம் நாள் மத்தியானம் ஊறவைத்த அவலைப் பார்த்தாலே குமட்டியது. வேறு வீடுகளும் இருந்தன. கேட்டால் கொடுத்திருப்பார்கள். சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினபோது கால் நேராகத் தறி வீட்டுக்குப் போயிற்று. நான் முன்கூட்டியே தீர்மானம் செய்துகொண்டு போனேன் என்று சொன்னால் அது பொய். பசி பாதி, வெட்கம் பாதி.

ஆயா விறகடுப்பில் ஏதோ வைத்துக்கொண்டிருந்தார். "அம்மா, சாப்பிட ஏதாவது இருக்கா?" என்றேன்.

நிமிர்ந்து என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "எங்க வீட்லயா சாமி?"

"ஆமாம்."

"முட்டை போட்ட கல்லுதான் இருக்குது."

"கழுவித்தானே வெச்சிருப்பீங்க."

அவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை. கல்லை எடுத்து என் கண் முன்னால் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி அடுப்பில் போட்டார். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்னவோ போல் இருக்கிறது. தறிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டார்கள். குழித்தறி. குழிக்குள் தண்ணீர் ஊறி முழங்கால் உயரம் நின்றது. பாவு ஈரத்தில் நமத்துப்போனால் இழை அறுந்துகொண்டே இருக்கும். மழைக்காலத்தில் தறி ஓடாது. தறி ஓடாவிட்டால் கூலி கிடையாது. ஒன்பது நாளாக நிற்கிறது என்று மகன் சொன்னார். அந்த வீட்டில்தான் நான் உட்கார்ந்து அடை கேட்டேன்.

கேழ்வரகு அடை, ஓரத்தில் ஒரு துண்டு வெல்லம். தட்டை என் கையில் கொடுக்கும்போது பையன் வந்து எதிரில் உட்கார்ந்தான். ஒரு வருஷத்தில் நன்றாக வளர்ந்திருந்தான். "மாட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா தாத்தா?" என்றான்.

ஆயா "டேய்!" என்று அதட்டினார். மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"இல்லடா, எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன். நாலு அடை. கீரையின் லேசான கசப்பு, ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் மெத்தென்று. மன்னிப்பு என்று நான் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று வீட்டுக்காரி சொல்கிறாள். இருக்கலாம்.

இதை எழுதினால் சில நண்பர்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். ஒருவர் ஆசாரம் என்பார். அவரவர் உணவு நியமத்தை விடச் சொல்லவில்லை நான். இன்றைக்கும் நான் முட்டை சாப்பிடுவதில்லை. அதை ஆயாவிடம் சொல்லியாயிற்று. அவர் அடையில் முட்டை போடுவதும் இல்லை. 'இதை நான் சாப்பிடமாட்டேன், வேறு கொடுங்கள்' என்று முகத்துக்கு நேரே சொல்வது ஒன்று. சிரித்து வாங்கிக்கொண்டு இருட்டில் மாட்டைத் தேடுவது வேறு. இன்னொருவர் சுத்தம், ஆரோக்கியம் என்பார். அந்தக் கவலை ஓட்டலில் ஏன் வருவதில்லை என்று அவர் கொஞ்சம் யோசிக்கட்டும். மூன்றாவது ரகம், "பன் இவ்வளவு நல்லா இருக்கே, விக்கலாமே சார்" என்கிறவர்கள். விற்கலாம். விற்றால் காசு கையில் வந்ததோடு கணக்கு தீர்ந்துவிடும். தீபாவளிக்குக் கடையில் ஸ்வீட் பெட்டி வாங்கிக் கொடுப்பதும் எனக்கு ஏறக்குறைய அப்படித்தான் படுகிறது. அந்தப் பெட்டியை யாரும் திருப்பித் தர வேண்டியதில்லை. அட்டைப்பெட்டி நம் காலத்து வாழையிலை.

மழை விட்டு, கரண்ட் வந்து, வீட்டுக்காரியும் வந்த பிறகு மறுபடி பன் சுட்டேன். எவர்சில்வர் தட்டில் நாலு. ஆயா வாங்கிக்கொண்டார். சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு மென்றுவிட்டு, "ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே சாமி? பட்டை ஜாஸ்தி. கொழம்பு வாசனை அடிக்குது" என்றார். முதல் வருஷம் முழுக்க அதே அளவுதான் போட்டிருந்தேன். அப்போது யாரும் இதைச் சொன்னதில்லை. எல்லோரும் புகழத்தான் புகழ்ந்தார்கள். அடுத்த தடவையிலிருந்து பட்டைப் பொடியை ஒரு ஸ்பூன் குறைத்துவிட்டேன். அவர் சொன்னதுதான் சரி.

போன ஞாயிற்றுக்கிழமை போன தட்டு திங்கட்கிழமை சாயங்காலமே திரும்பிவிட்டது. நான் கோயிலுக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தால் கூடத்தில் தட்டு, அதில் ஒரே ஒரு காரக் கொழுக்கட்டை. "அஞ்சு இருந்தது. சூடா இருந்துதுன்னா, அதான்..." என்றாள் வீட்டுக்காரி, வாயைத் துடைத்துக்கொண்டே.